வெள்ளையடிப்பு விதி: சிற்றூர்ப் படப்பிடிப்பு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கையில் காசில்லாத இயக்குநர்கள் யதார்த்தத்தைத் தேடிச் சிற்றூர்களுக்குப் போகிறார்கள். இவர்கள் வண்டி ஊருக்குள் நுழைந்ததும் யதார்த்தம் மறுபக்கமாக வெளியேறிவிடுகிறது. அது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆய்வுக் களம்: மதுரைக்கு மேற்கேயுள்ள பேரூராட்சிகள். ஆய்வுக் கருவிகள்: டீக்கடை பெஞ்சு, இரண்டு காதுகள்.

2. முன்னோடிச் சான்றுகள்

தமிழ் சினிமா ஸ்டூடியோவை விட்டு ஊருக்குள் இறங்க வழிவிட்டது '16 வயதினிலே' (1977) என்பது அறிஞர் துணிபு. ஸ்டூடியோவில் வரைந்த மலை வைத்த இடத்தில் நிற்கும். நிஜ ஊர் அப்படி நிற்காது. இதற்கான சான்று அதற்கும் முன்பே வங்கத்தில் கிடைக்கிறது. 1952இல் 'பதேர் பாஞ்சாலி'க்காக சத்யஜித் ராய் நாணல் பூத்த வெளியொன்றில் படம்பிடித்தார். அடுத்த வாரம் மிச்சத்தை எடுக்கப் போனால் பூவைக் காணோம், மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறு ஆண்டுப் பூவுக்குக் காத்திருந்துதான் காட்சியை முடித்தார். மாட்டுக்குக் கன்டினியூட்டி தெரியாது என்று விட்டுவிடலாம். மனிதர்கள் தெரிந்தே செய்வது அடுத்த பகுதியில் ஆராயப்படுகிறது.

3. விதியும் கிளைவிதிகளும்

விதி: கேமராவில் வரப்போகிறது என்று தெரிந்த எந்தச் சுவரும் மறுநாள் அதே நிறத்தில் இராது.

காரை பெயர்ந்த சுவரைக் கண்டு இயக்குநர் "அபாரம்!" என்கிறார். வீட்டுக்கார அம்மாவுக்கோ அது மானப் பிரச்சினை. "நாலு பேரு பாக்கப்போற வீடு, இப்படியா தம்பி காட்டுறது?" என்று இரவோடிரவாக ரோஸ் கலர் அடித்துவிடுகிறார். முதல் நாள் காரை பெயர்ந்த வீட்டுக்குள் நுழைந்த கதாநாயகன், மறுநாள் ரோஸ் வீட்டிலிருந்து வெளியே வருகிறான். விமர்சகர்கள் இதை மாய யதார்த்தம் என்பர்.

கிளைவிதி அ: "எப்பவும் போலயே இருங்கண்ணே" என்று கேட்டுக்கொள்ளப்பட்ட டீ மாஸ்டர், மறுநாள் மழமழவென்று சவரம் செய்து, வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக நிற்பார்.

கிளைவிதி ஆ: குழாயடிக்கு வரும் அக்காமார் தீபாவளிச் சேலையில் வருவர். குடமும் புதிது.

கிளைவிதி இ: "கேமராவைப் பாக்காதீங்க" என்று யாராவது சொல்லும்வரை எவரும் கேமராவைப் பார்ப்பதில்லை.

4. ஒலியியல்

டப்பிங்குக்குக் காசில்லாததாலோ கொள்கையாலோ இத்தகைய படங்கள் லைவ் சவுண்டில் எடுக்கப்படுகின்றன. "சைலன்ஸ்!" என்ற கூவலுக்கும் மினி பஸ் ஹாரனுக்கும் இடைவெளி கிடையாது. ஆடி மாதமானால் கோயில் மைக்செட்டும் சேரும். நிறுத்தச் சொன்னால், "உங்க படத்துக்குன்னுதான் நல்ல பாட்டா போடுறேன்" என்பார் மைக்செட்காரர்.

5. வினாக்கள்

வேடிக்கை பார்ப்போர் கேட்பவை மூன்று. முதலாவது, "ஹீரோ யாரு?" புதுமுகம் என்றதும் கூட்டத்தில் பாதி கலைந்துவிடும், படப்பிடிப்புக்கு இது நன்மை. இரண்டாவது, "ஃபைட்டு எப்ப?" இல்லை என்றதும் மீதியும் கலையும். மூன்றாவதைக் கேட்க டீ மாஸ்டர் மட்டும் நிற்பார்: "எந்தத் தியேட்டர்ல போடுவீங்க?" இதற்கு இயக்குநரிடம் விடையில்லை. மேலூர்ப் பக்கத்து வெயிலில் பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. நம்மூருக்கு 2023இல் நேராக ஓடிடியில் வந்தது. வெள்ளைச் சட்டையோடு காத்திருப்பவருக்கு இதை விளக்குவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

6. விலக்கும் தீர்ப்பும்

விதிக்கு விலக்கு உண்டு. 'கடைசி விவசாயி' படத்தில் நல்லாண்டி என்னும் நிஜ விவசாயி கேமராவைச் சட்டை செய்யாமல் தன்பாட்டுக்கு இருந்தார். தேசிய விருதுக் குழுவே சிறப்பித்தது. ஆனால், விலக்குக்கு விருது கொடுக்கிறார்கள் என்பதே விதியின் வலிமைக்குச் சான்று.

தீர்ப்பு ஊருக்குச் சாதகமானது. ஊர் அழுக்காக இருக்கவேண்டும் என்று கேட்கும் இயக்குநர், தன் கல்யாண போட்டோவுக்குக் கோட்டு மாட்டித்தான் நின்றிருப்பார். அந்த ஆசை ரோஸ் வீட்டு அம்மாவுக்கும் இருக்கலாம். ஆகவே, இளம் இயக்குநர்களுக்கு இக்கட்டுரையின் பரிந்துரை ஒன்றே: படம்பிடித்து முடியும்வரை எந்தச் சுவரையும் வாய்விட்டுப் பாராட்டாதீர்கள்.