டபுள் டின்

எங்கள் வீட்டு மாருதி 800 பிறந்தது 2001இல். 2014 ஜனவரியில் கம்பெனியே அந்த வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை. இரண்டு முறை ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. வண்டியில் எந்தக் குறையும் இல்லை, டேப்பைத் தவிர.

டேப்பும் பாடாமல் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு காசெட்டை விழுங்கியது. எஜெக்ட் பட்டனை அமுக்கினால் தொண்டையைக் கனைக்கும், காசெட் மட்டும் வெளியே வராது. ஆட்டோ ரிவர்ஸ் இருந்ததால் ஏ சைடு, பி சைடு என்று தானே திரும்பித் திரும்பிப் பாடிக்கொண்டிருந்தது. அது ரெக்கார்டிங் கடையில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்த அறுபது நிமிட காசெட். பக்கத்துக்கு ஆறு பாட்டு கேட்டிருந்தேன். கடைக்காரர் ஏ சைடில் ஐந்தே முக்கால் பாட்டு போட்டுக் கொடுத்தார். ஆறாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில், பாடகர் மூச்சை இழுக்கிற இடத்தில் நாடா தீர்ந்து 'டக்' என்று நிற்கும். எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பாட்டு அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் அதே பாட்டு ஓடினாலும், அந்த இடம் வந்ததும் என் பையன் வாயாலேயே 'டக்' என்பான்.

போன வருடம் டேப்பின் பெல்ட் தளர்ந்தது. பாடகிகள் எல்லாரும் பாடகர்கள் ஆனார்கள். பாடகர்கள் கிணற்றுக்குள் இறங்கிவிட்டார்கள். "அப்பா, இனிமே தாங்காது" என்றான் பையன்.

ஒரு சனிக்கிழமை புது ஸ்டீரியோ வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். ஜெனரல் பேட்டர்ஸ் என்று யாரோ ஒரு தளபதியின் பெயர் தெருவுக்கு. ஆனால் அங்கே உண்மையான தளபதிகள் கடைவாசலில் நிற்கும் பையன்கள்தான். வண்டி வேகம் குறைந்தாலே நாலு பேர் கூடவே ஓடி வருவார்கள். "சீட் கவரா சார்? மேட்டா? ஹாரனா?" என் வண்டியைப் பார்த்ததும் ஒருவன் மட்டும் நின்று, "விக்கிறீங்களா சார்?" என்றான்.

கடைக்காரர் முதல் கேள்வியிலேயே மடக்கினார். "சிங்கிள் டின்னா, டபுள் டின்னா?"

எனக்குத் தெரிந்த டின் பதினைந்து கிலோ நல்லெண்ணெய் டின். விழித்தேன். பையன் விளக்கினான். டின் என்பது ஜெர்மன்காரர்களின் தரநிர்ணய அமைப்பின் பெயர்ச் சுருக்கமாம். கார் ஸ்டீரியோ என்றால் அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 என்று அவர்கள் போட்ட அளவுதான் சிங்கிள் டின். உயரம் இரண்டு மடங்கானால் டபுள். என் வண்டியில் இருந்தது சிங்கிள் டின் ஓட்டை. பையனுக்குப் பிடித்த டச் ஸ்கிரீனோ டபுள் டின்.

"அதுக்கென்ன, அறுத்துடலாம்" என்றார் கடைக்காரர். தர்பூசணியைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பிட்டர் வந்தார். கையில் ஒரு ஆக்சா பிளேடு, பிடிக்கிற முனையில் பழைய பனியன் துணி சுற்றியிருந்தது. டேஷ்போர்டில் டேப்புக்குக் கீழே சில்லறை போட்டு வைக்கும் குழியை ஐந்தே நிமிடத்தில் அறுத்து எடுத்தார். உள்ளிருந்து இரண்டு நாலணா, ஒரு பார்க்கிங் டோக்கன், ஒரு ஹேர்பின். பிறகு ஒயர்களுக்கு வந்தார். மஞ்சள், சிவப்பு, கருப்பு, ஸ்பீக்கருக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா. ஒவ்வொன்றின் தோலையும் பல்லாலேயே உரித்துத் துப்பினார். முறுக்கினார். டேப் சுற்றினார். வாயில் ஒயரோடு, "சாவி போடாமயே பாடுற மாதிரி குடுத்திருக்கேன் சார்" என்று ஒரு சலுகையும் அறிவித்தார்.

ரிவர்ஸ் கேமரா இலவசம். மாருதி 800இன் மொத்த நீளமே பதினோரு அடிக்கும் கொஞ்சம் குறைவு. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தலையைத் திருப்பினால் போதும், பாதி தூரம் அப்போதே வந்துவிடும். இருந்தாலும் இலவசத்தை வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

செட், ஸ்பீக்கர், கூலி எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். எக்ஸ்சேஞ்சில் வண்டிக்கு 30,000 தருவதாக ஒருவர் முந்தின மாதம்தான் சொல்லியிருந்தார். ஆக, இப்போது நான் ஓட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டீரியோ.

மூன்றாம் நாள் காலை வண்டி கிளம்பவில்லை. பாட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. எதிர்வீட்டுக்காரர், பால்காரர், பையன் மூவரும் தள்ள, தெருமுனையில் உயிர் வந்தது. சாவி போடாமல் பாடும் சலுகையின் பொருள் அப்போதுதான் புரிந்தது. ஸ்கிரீன் அணைந்திருந்தாலும் செட் இரவெல்லாம் உள்ளே விழித்திருந்து பாட்டரியைக் குடித்திருக்கிறது.

பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் இரண்டு ஒயரையும் சாவியோடு சேர்த்துவிட்டார். பாட்டரி பிழைத்தது. செட்டுக்கு ஞாபகம் போயிற்று. சாவியை எடுத்தால் எல்லாம் மறந்துவிடும். மறுபடி போட்டால் கடிகாரம் சீன நேரம், அதாவது நம்மைவிட இரண்டரை மணி முன்னால். காலை எட்டரைக்குக் கிளம்பினால் பதினொன்று என்று காட்டி வயிற்றைக் கலக்கும். ஒரு வாரம் ஆபீசுக்கு நான் இவ்வளவு சீக்கிரம் போனது என் சர்வீஸிலேயே கிடையாது.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் அதட்டினார். "மஞ்சள் பாட்டரிக்கு, நடுவுல ஃப்யூஸ். சிவப்பு சாவிக்கு. மஞ்சள் ஞாபகத்துக்கு, சிவப்பு எழுப்புறதுக்கு. இதுகூடத் தெரியாம எவன்யா மாட்டினான்?" பத்து நிமிட வேலை. நூறு ரூபாய்.

இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். ப்ளூடூத்தை மறந்துவிட்டேன். அது டென்மார்க் ராஜா ஹரால்டின் பட்டப்பெயராம், நீலப்பல்லன். ஏறக்குறைய நம் ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்த சமயத்தில் கண்மூடியவர். ராஜா பெயர் வைத்ததாலோ என்னவோ, அனுமதி கேட்காமல் எங்கும் நுழைகிறது. ஒருநாள் போர்ட்டிகோவில் வண்டியைக் கிளப்பினேன். மேலே முதல் மாடியில் மனைவி போனில் தன் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் போனையும் காருடன் சேர்த்து வைத்திருந்தோம். சாவியைத் திருப்பியதும் மச்சினியின் குரல் நாலு ஸ்பீக்கரிலும், எதிர்வீடு வரை:

"மாமாவுக்கு என்னக்கா, நாலு வார்த்தை நல்லாப் பேசினா எதையும் தலையில கட்டிடலாம்."

"இந்தத் தடவை என்னம்மா கட்டினாங்க?" என்றேன், ஸ்டீயரிங்கைப் பார்த்து.

மறுமுனையில் சத்தமே இல்லை. பால்கனிக்கு ஓடிவந்த மனைவி போனைக் காதிலிருந்து எடுத்து, ஏதோ கடித்துவிட்டதைப் போல் பார்த்தாள்.

இன்னொரு சங்கடம். அந்த ஆறாவது பாட்டைப் புது செட்டில் போட்டோம். இரண்டாவது சரணம் வந்தது. பாடகர் மூச்சை இழுத்தார். பையன் 'டக்' என்றான். அவரோ நிற்காமல் பாடிக்கொண்டே போனார். நாங்கள் இதுவரை கேட்காத நாலு வரி, ஒரு புல்லாங்குழல் துணுக்கு. யாரும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும் மனைவி, "இழுத்துட்டாங்க" என்று தீர்ப்பு சொன்னாள்.

பழைய டேப் பரணில் இருக்கிறது, காசெட் இன்னும் அதன் வயிற்றில். பெல்ட் மாற்றத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சும்மாவே கொடுத்துவிடுகிறேன். பி சைடு முழுசாகப் பாடும். ஏ சைடில் ஆறாவது பாட்டுக்கு மட்டும் 'டக்' என்பதை நீங்கள் சொல்லிக்கொள்ள வேண்டாம், அதுவே சொல்லும்.