பலம் பெறும் மார்க்கங்கள்

ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என மூன்றே தூக்குகளைக் கொண்ட வலுதூக்குதலில், தூக்குவோரைக் காட்டிலும் தூக்கும் விதத்தைப் போதிக்கும் ஆசாரியர்கள் பெருகியிருப்பது நம் காலத்தின் மகா பாக்கியம். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் லூயி சிம்மன்ஸ் ஒரு நாள் உச்சப் பளு, இன்னொரு நாள் அதிவேகம் என்று விதித்து, போதாதென்று கம்பியின் இரு முனைகளிலும் இரும்புச் சங்கிலியைத் தொங்கவிட்டார். ருஷ்யாவின் போரிஸ் ஷேகோ என்பவரோ உச்சத்தை அபூர்வமாகவே தீண்டி, நடுத்தரப் பளுவையே சலிக்கச் சலிக்கத் தூக்கச் சொன்னார். ஜிம் வெண்ட்லர், மெய்யான உச்சத்தில் 90 சதவீதத்தையே உச்சமாகப் பாவிக்கும் வினயத்தை அருளினார். பல்கேரியாவின் இவான் அபஜீவ் ஒலிம்பிக் பளுதூக்குதலில் நிறுவிய மார்க்கத்தை இரவல் பெற்றோர், நித்தமும் உச்சமே என்றனர்.

இத்தனை சித்தாந்தங்களையும் கற்றுத் தேறாமல் கம்பியைத் தொடுவது அபசாரமாதலால், விவேகமுள்ள இளைஞன் உள்ளங்கையில் சுண்ணப்பொடியைப் பூசிக்கொண்டு, கைப்பேசியில் சதவீதங்களைப் பெருக்கி வகுத்து, விடை வருவதற்குள் உடற்பயிற்சிக்கூடம் சாத்தும் நேரமாகிவிட, பூசிய பொடி உதிராமல் வீடு திரும்புகிறான். அவனுடைய தோள்கள் வளராவிட்டால் என்ன, கணித ஞானம் வளர்ந்திருக்கிறதே!

மூலையில் ஒரு பெரியவர், எந்த ஆசாரியரின் பெயரும் அறியாதவர், முடிந்தபோதெல்லாம் இரண்டரைக் கிலோ கூட்டி, வயிறாரச் சாப்பிட்டு, நன்றாக உறங்கி, அங்குள்ள அனைவரினும் அதிகமாகத் தூக்குகிறார். விசாரித்ததில், அவருடைய பலம் சாஸ்திர விரோதமானது என்றும், ஆகையால் கணக்கில் சேராது என்றும் ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று.