பேசும் நாய் வருமே, அந்தக் கதை

பாதி மறந்த விஞ்ஞான நாவலைத் தேடிச் செங்கல்பட்டு நூலக வாசலுக்கு வருபவரிடம் பெரும்பாலும் மூன்றே தடயங்கள் இருக்கும்: சர்வாதிகார ஆட்சி, பேசும் நாய், சுஜாதா. மூன்றாவது தடயமே ஆகாது. தமிழில் ரோபோ தலைகாட்டினால் எழுதியவர் சுஜாதா என்று தீர்ப்பாகிவிடும். இந்த வழக்கில் தீர்ப்பு சரிதான்.

நாவல் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. சர்வாதிகாரி ஜீவா ஆளும் 2021ஆம் ஆண்டு இந்தியா. பிள்ளை பெறவும் அரசு அனுமதி வேண்டும். கணவன் சிபி காணாமல்போக, நாயகி நிலாவுக்குத் துணை ஜீனோ என்ற இயந்திர நாய். வாசகர் நினைவில் சர்வாதிகாரி அழிந்துபோவார், நாய் மட்டும் தப்பிக்கும்.

அந்தத் தொடரை வார இதழிலிருந்து கிழித்து, கோணி ஊசியால் தைத்த வீட்டு பைண்டிங்கில் முதல் தாளும் கடைசித் தாளும் இராது. நடுவே பல்பொடி விளம்பரம் பத்திரமாக இருக்கும். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் விட்டுச்செல்லும் பழைய புத்தகங்களைக் கிளறினால் ஆர்வெல்லின் '1984' அகப்படலாம். அதில் சர்வாதிகாரம் உண்டு, பேசும் நாய் கிடையாது.

'மீண்டும் ஜீனோ' கிடைத்தால் உடனே மகிழ வேண்டாம். அது இரண்டாம் பாகம்.