வழிகாட்டிக்கு வழிகாட்டி

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டென்று கேள்வி. எங்கள் வேங்கிக்காலுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற சிரஸ்தார். வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து 1989இல் திருவண்ணாமலை மாவட்டம் உண்டான காலந்தொட்டு அவர் 'கீழ்க்கண்டவாறு ஆணையிடலாம்' என்று எழுதி வைக்க, வந்த கலெக்டர்களெல்லாம் அதன்கீழ்க் கையொப்பமிட்டுப் போனதன் பலனாக, பேசுகிறவர் எவராயினும் அவருக்கு வாசகம் எடுத்துக்கொடுப்பது தம்முடைய உத்தியோகம் என்கிற எண்ணம், பென்ஷனைப் போலவே, அவருக்கு ஆயுள்பரியந்தம் நிலைத்துவிட்டது.

சென்ற வருஷம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக வேன் பிடித்துக் கிண்டிக்குப் போனபோது, துணைக்கு என்று அவரும் ஏறிக்கொண்டார். ஒரு காலத்தில் கவர்னர்களின் வேட்டைக்காடாக இருந்து, 1978இல் தேசியப் பூங்காவாகி, சென்னைப் பட்டணத்தின் வாகன இரைச்சலுக்கு நடுவே ஏறக்குறைய 270 ஹெக்டேர் பரப்பில் மிஞ்சி நிற்கும் அந்த வனத்தைப் பற்றிச் சொல்ல, கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி தொங்க ஒரு பெண் வந்தாள். அவள் ஆலமரத்தைக் காட்டினால் இவர் விழுதைக் காட்டினார். கறையான் புற்றைக் காட்டினால் அதற்குள் நல்ல பாம்பைக் குடிவைத்தார். பிள்ளைகள் கேட்ட சந்தேகங்களோ, அவளை நோக்கிப் புறப்பட்டவையேயாயினும், பாதி வழியிலேயே இவரால் மறிக்கப்பட்டன. அந்தப் பெண்ணின் பொறுமையைத்தான் நான் அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

கடைசியில், கருத்த முதுகும் வெளுத்த வயிறுமாக, முழத்துக்கு மேல் முறுக்கேறிய கொம்புகளோடு ஓர் ஆண் வெளிமான் புல்வெளியில் வந்து நின்றது.

"எழுதிக்கோங்க பசங்களா! வருஷத்துக்கு ஒரு தரம் இந்தக் கொம்பு விழுந்து புதுசு முளைக்கும்" என்றார் சிரஸ்தார்.

"அது புள்ளிமானுக்கு, சார்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமலே. "தென்னையில மட்டை கழண்டு விழுற மாதிரி, அது விழுந்து முளைக்கும். இது வெளிமான். உள்ளே எலும்பு, மேலே நம்ம நகம் மாதிரி ஓர் உறை. ஆயுசுக்கும் ஒரே கொம்புதான்."

பிள்ளைகளெல்லாம் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மானை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை நோக்கிவிட்டு, "பரிசீலிக்கலாம்" என்றார். திரும்பும்போது திண்டிவனம் வரையில் வாய் திறக்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில், மலையோரக் கம்பிவேலிக்குள் புள்ளிமான்கள் மேயும் ஓரிடத்தில் சிறு கூட்டம் நின்றிருந்தது. ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்றுக்கு, அவர்களுக்குத் தமிழ் தெரியாதென்பதைச் சற்றும் பொருட்படுத்தாமல், தென்னை மட்டையையும் நகத்தையும் கையாலேயே வரைந்து காட்டிக்கொண்டிருந்தார் சிரஸ்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க! கிண்டியில அந்தப் பொண்ணுக்கு நான் விளக்கிச் சொன்னேனே, அதைத்தான் இவங்களுக்கும் சொல்லிட்டிருக்கேன்."