ஊருக்குள் போகும் பாதை

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நான்குவழிச் சாலையில் கார் கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தத் தூரத்தை இந்தக் கோடையில் நானும் என் கணவரும் வழியில் தங்கித் தங்கிக் கடந்தோம். கேட்டவர்கள் கார் பழுதாகிவிட்டதா என்றார்கள்.

எண்பதுகளில் இதே பயணம் வேறு மாதிரி. முழுப்பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு, என் அம்மா வீட்டுக்குப் போவோம். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகப் பேருந்து. சாலை ஒவ்வொரு ஊரின் நடுத்தெருவாகவே ஓடியது. திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று எல்லா ஊருக்குள்ளும் வண்டி நுழைந்துதான் வெளியே வரும். இவருக்குக் கிடைத்த விடுப்போ கொஞ்சம். நிலையத்தில் ஓட்டுநர் டீக்கு இறங்கினால் இவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “ஊருக்கு வெளியவே ஒரு ரோடு போட்டா என்ன?” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

போட்டுவிட்டார்கள். தங்க நாற்கரத் திட்டத்தோடு வந்த வடக்கு–தெற்குச் சாலை அத்தனை ஊர்களையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு நேராகப் போகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். எதிரெதிரே லாரிகள் முட்டிக்கொண்ட பழைய இருவழிச் சாலையை மறக்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியை விரைந்து கொண்டுபோக முடிகிறதே, அது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் அந்தச் சாலை வந்தபோது என் கணவர் ஓய்வு பெற்றிருந்தார், அம்மாவும் இல்லை. சீக்கிரம் போய்ச் சேர வேண்டிய வீடே எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

அதனால் இப்போது ஊர்ப் பெயர்ப் பலகை தெரிந்ததுமே இவர் இண்டிகேட்டரைப் போட்டுவிடுகிறார். “உள்ள போய்ட்டுப் போவமா?” என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் திரும்பிவிடுகிறார்.

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாயங்காலம்தான் சூடுபிடிக்கும். அகலக் கல்லில் தேங்கிய எண்ணெயில் சின்னச் சின்னப் பரோட்டாக்கள் பொன்னிறமாக மிதக்கும். பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினால், மேல்பக்கம் மொறுமொறுப்பும் அடிப்பக்கம் ஊறலுமாக ஒரு ருசி. அதற்காகவே அன்றிரவு அங்கே தங்கினோம்.

சாத்தூரில்தான் மனசு கனத்தது. அந்தக் காலத்தில் பேருந்து நிற்கும் முன்பே தலையில் கூடையோடு பெண்கள் ஓடி வருவார்கள். ஜன்னல் கம்பிக்குள் வெள்ளரிப் பிஞ்சுக் கட்டுகள் நுழையும். பெரிய காய் என்றால் நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டுவார்கள். அந்த வியாபாரம் முழுவதும், வண்டி நின்ற அந்த ஐந்து நிமிஷத்தை நம்பித்தான் நடந்தது. இன்றைக்கு வண்டிகள் பாலத்தின் மேலே பறக்கின்றன. பழைய சாலையோரம் ஒரு பாட்டி கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஈரச்சாக்கை விலக்கிக் காட்டினார். நுனியில் பூ காயாத பிஞ்சுகள். “விடியக்காலம் பறிச்சது தாயி. கார்க்காரங்க யாரு உள்ள வாறாக?” என்றார். கூடையில் பாதியை வாங்கிக்கொண்டோம்.

எங்கள் மைப்பேனா நிப்புகள் இந்தச் சாத்தூரிலிருந்து வந்தவை. அந்தத் தொழிலைச் சாலை ஒன்றும் செய்யவில்லை. பால்பாயிண்ட் பேனா முடித்துவிட்டது. காராச்சேவு மட்டும் நின்று பிடிக்கிறது.

கோவில்பட்டியின் கதை வேறு. கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பட்டறை வாசலில் நின்று பார்த்தோம். வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் எடுத்து ஒடித்துப் பார்க்கிறார் ஒருவர். பதம் வந்ததும் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் உருளையால் தேய்த்துத் துண்டு போடுகிறார்கள். கை ஒரு கணமும் நிற்கவில்லை. கரிசல் மண் கடலைக்குத் தனி மணம் உண்டு என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் இடைசெவல். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த ஒரே சின்ன ஊரில், அதே 1923ஆம் வருஷம், அதே செப்டம்பர் மாதம் பிறந்தார்கள். இருவருமே சாகித்ய அகாதெமி பரிசு பெற்றவர்கள். இத்தனை வருஷம் அந்த ஊரைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம். இப்போதுதான் இறங்கி அதன் தெருவில் நடந்தோம். அறுவடை முடிந்து கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

கயத்தாறில் கட்டபொம்மன் நினைவிடம். 1799 அக்டோபர் 16 அன்று இங்கேதான் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1959ஆம் வருஷப் படத்தில் அவர் வேடத்தில் நடித்த சிவாஜி கணேசன் இங்கே சிலை எழுப்பினார். போக்குவரத்துக் கழகத்திலிருந்து கட்டபொம்மன் பெயரை 1997ல் எடுத்துவிட்டார்கள். இந்த மண்ணிலிருந்து எடுக்க முடியாது. வெயிலில் என் கணவர் வெகுநேரம் நின்று பார்த்தார். கைக்கடிகாரம் கட்டுவதை விட்டே வெகுகாலமாயிற்று.

கோடை விடுமுறைக்குத் தெற்கே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாத்தூர் என்ற பலகையைக் கண்டதும் இடப்பக்கம் ஒதுங்கிக் கீழே இறங்குங்கள். அதிகம் போனால் அரை மணி நேரம் கூடும். காலையிலேயே போனால் வெள்ளரி பிஞ்சாகக் கிடைக்கும். சில்லறை கொண்டுபோங்கள், பேரம் பேசாதீர்கள்.