எழும்பினால் ஏன் தலை சுற்றுகிறது?

கேள்வி: பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி வியாபாரம் செய்கிறேன். குந்தியிருந்து தக்காளி தெரிந்துவிட்டு எழும்பினால் கண் இருட்டித் தலை சுற்றுகிறதே, ஏன்?
– வாசகர், தம்புள்ளை

பதில்: நீங்கள் எழும்பிவிடுகிறீர்கள்; இரத்தம் எழும்பக் கொஞ்சம் பிந்துகிறது! எழுந்து நின்றதும் அரை லீற்றருக்கு மேல் இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்து நாடியிலுள்ள உணரிகள் அதை மூளைக்குச் சொல்ல, இதயம் வேகமெடுக்கும், இரத்தக் குழாய்கள் இறுகும். இந்த வேலை பிந்துகிற சில நொடிகளில்தான் கண் இருட்டுகிறது. எழுந்து 3 நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20, அல்லது கீழ் பிரஷர் 10 இறங்கினால் வைத்தியர்கள் அதைக் கோளாறாகவே எடுப்பார்கள்.

தம்புள்ளை வெயிலில் வியர்த்துக்கொண்டு தேத்தண்ணியோடு மட்டும் பகலை ஓட்டினால் இரத்தத்தின் அளவே குறையும். தண்ணீரைக் குடியுங்கள். குந்தினால் ஒரே மூச்சில் எழும்பாதீர்கள். பெட்டியில் சற்று இருந்து, காலை நீட்டி மடக்கிவிட்டு எழும்புங்கள். சுற்றினால் உடனே இருந்துவிடுங்கள்.

பிரஷர் குளிசை, நீரிழிவு, இரத்தசோகை, வயது எல்லாமே இதற்குக் காரணமாகலாம். ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் கேளுங்கள். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு நொந்தாலோ தாமதிக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.