கரிய மேலிலைச் சுருட்டைச் சுவைத்து மதிப்பிடும் முறை

உயர்விலைச் சுருட்டு வகைகளுள் ‘மதுரோ’ எனப்படும் கரிய சுருட்டு அறிஞர்களின் தனிக் கவனத்திற்கு உரியது. அதைப் புகைத்து முடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரமே தேவைப்பட, அதைப் பற்றிப் பேசி முடித்தவர் எவரும் இதுவரை அறியப்படவில்லை. இத்துறையின் முன்னோடி ஷெர்லாக் ஹோம்ஸ் ஆவார். 1887இல் வெளிவந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ கதையில், தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டே கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டறிந்த அவர், 140 வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றித் தனிநூலே இயற்றியவர் என 1890இல் வந்த அடுத்த கதை கூறுகிறது. அந்நூலும் அதன் ஆசிரியரும் ஒருசேரக் கற்பனை என்பதிலிருந்து, இத்துறை எத்தகைய அடித்தளத்தின்மேல் எழுந்தது என்பதை உய்த்துணரலாம்.

சுருட்டு மூன்று அடுக்குகளால் ஆனது: நடுவில் எரியும் உள்ளிலை, அது கலையாமல் இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, எல்லாவற்றுக்கும் வெளியே, பார்ப்பவர் கண்ணுக்கென்றே தேர்ந்தெடுக்கப்படும் மேலிலை. மதுரோவின் கருமை இம்மூன்றாவது அடுக்குக்கு மட்டுமே உரியது. அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கிலும் மெக்சிகோவின் சான் ஆந்திரேஸ் பகுதியிலும் விளையும் தடித்த, எண்ணெய்ப்பசை மிக்க இலைகள் இதற்குப் பெயர் பெற்றவை. உலர்த்திய இலைகளை ஈரப்பதத்துடன் பெரும் குவியல்களாக அடுக்கிவைக்க, அவை தமக்குள்ளேயே சூடேறிப் புளித்து, அம்மோனியாவை வெளியேற்றி, நிறம் கறுத்து, காரம் தணிகின்றன. உள்வெப்பம் அளவு மீறும்போது குவியலைப் பிரித்து மாற்றி அடுக்குவர். பிற இலைகளைவிட நீண்ட காலமும் கூடுதல் வெப்பமும் பெற்றதே மதுரோ.

கறுப்பாக இருப்பதால் இது கடுமையானது என்னும் கருத்து புகைப்போரிடையே வேரூன்றியுள்ளது. அது பிழை. சுருட்டின் கடுமை பெரும்பாலும் உள்ளிலையில் சேர்க்கப்படும் ‘லிகேரோ’வைப் பொறுத்தது, செடியின் உச்சியில் வெயிலை நேரே வாங்கி முற்றும் இலைக்கு அப்பெயர். மேலிலையோ நெடுநாள் புளித்ததனால் இனிப்பின் பக்கமே சாய்கிறது. எனினும், கரிய சுருட்டை ஏந்தியவர் தம்மை அஞ்சாநெஞ்சராகக் கருதிக்கொள்வதை எந்த ஆய்வாலும் தடுக்க இயலாது. இந்த மயக்கத்தை நம்பியே இலைக்குச் சாயம் ஏற்றி விற்பவரும் உளர். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தால் உண்மை துணியில் ஒட்டிக்கொள்ளும்.

மதிப்பீடு தீ மூட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. மேலிலையின் பளபளப்பையும் நரம்புகளையும் நோக்கி, விரல்களால் மெல்ல அழுத்தி, இடையில் வெற்றிடமோ கட்டியோ உண்டா எனத் தேர்ந்து, நுனியை வெட்டியபின் பற்றவைக்காமலேயே காற்றை உறிஞ்சிப் பார்ப்பர். இதன்பின் சுருட்டு மூன்று பகுதிகளாகக் கருதப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறிப்பு எழுதப்படுகிறது. நிமிடத்திற்கு ஓர் இழுப்பு என்பது மரபு; விரைந்து இழுத்தால் தணல் மிகச் சூடேறிக் கசக்கும். புகை நுரையீரலுக்குள் செலுத்தப்படுவதில்லை. அதன் காரத்தன்மை காரணமாக வாயின் உட்தோலே நிக்கோட்டினை ஈர்த்துக்கொள்கிறது. நாக்கு ஐந்து சுவைகளுக்குமேல் அறியாது ஆதலால், தேர்ந்தவர் சிறிது புகையை மூக்கின் வழியே வெளியேற்றி, எஞ்சியவற்றை அங்கே கண்டறிகிறார்.

அங்கே அவர் கண்டறிபவை வியப்புக்குரியவை. கறுப்புச் சாக்லேட், வறுத்த காப்பிக்கொட்டை, மிளகு ஆகியவற்றை மறுப்பதற்கில்லை, அவை உண்ணப்படுபவை. ஆனால் மதுரோவைப் பற்றிய குறிப்புகளில் இவற்றுக்கு இணையாகவே தோல், ஈரமண், தேவதாரு மரம், களஞ்சிய வைக்கோல் ஆகியனவும் இடம்பெறுகின்றன. மதிப்பீட்டாளர் இவற்றை எப்பொழுது, எந்த உணவுடன் உண்டார் என்பது எக்குறிப்பிலும் இல்லை. கால்நடைகளிடம் கேட்டால் வைக்கோலைப் பற்றியேனும் உறுதி பெறலாம் என்பதால், வருங்காலக் குழுக்களில் அவற்றுக்கும் இடமளிப்பது பொருந்தும்.

1992இல் தொடங்கப்பட்ட ‘சிகார் அஃபிசியனாடோ’ என்னும் அமெரிக்க இதழ் இவ்வகை நுகர்வுகளை நூற்றுக்கு இத்தனை என்று எண்களாக்கியது. சுருட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பட்டையை நீக்கி, இன்னாரது சரக்கு என்று தெரியாதவாறு சுவைப்பது அதன் முறை. பெயர் தெரிந்தால் நாக்கு மரியாதை காட்டிவிடும் என்பதை உணர்ந்த ஏற்பாடு இது. தோற்றத்திற்கும் கட்டமைப்புக்கும் 15, சுவைக்கு 25, எரியும் தன்மைக்கு 25 என வகுத்தபின், எஞ்சிய 35 ‘ஒட்டுமொத்த எண்ணம்’ என்னும் தலைப்பிற்கு வழங்கப்படுகிறது. இழை இழையாகப் பகுத்தாராயும் ஒரு முறையில், பகுக்க முடியாததற்கே மிகுதியான மதிப்பெண் கிடைப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. வாய்க்கும் தொண்டைக்கும் நேரும் கேட்டுக்கென இந்நூற்றில் ஒரு தலைப்பும் ஒதுக்கப்படவில்லை. அவ்வாறே, சன்னல் திரையிலும் மெத்தையிலும் மறுநாள் வரை தங்கும் நாற்றமும் விடுபட்டுள்ளது. அதற்கான மதிப்பெண்ணை வீட்டிலுள்ளோர் தனியே வழங்குகின்றனர், அதன்மேல் மேல்முறையீடு இல்லை.